வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துவோருக்கும், சமூக மன்றங்களிலும் கோயில் மண்டபங்களிலும் வார இறுதியில் சொல்லித்தரும் தொண்டூழியர்களுக்கும்,

வணக்கம்.

ஜூன் விடுமுறை முடிந்ததும் உங்கள் வகுப்புகளில் சூடு பிடித்துவிடும். ஆகஸ்ட் நடுவில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதி வருகிறது. ஒரு பனுவலை உரக்க வாசிக்க வேண்டும், ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு உரையாட வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு இதற்குத்தான். வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். அதனால் வாராவாரம் மாதிரித் தேர்வு வைக்கிறீர்கள். வைக்க வேண்டியதுதான். அதை நடத்தும் விதம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே இந்த மடல்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்த வகுப்பு என்பது வேண்டாம். அதுபோல் பல உண்டு. தொடக்கநிலை ஆறில் படிக்கும் பையன் ஒருவன். வகுப்பு தொடங்குமுன் நடைவழியில் கறிபப் தின்றுகொண்டே, உணவங்காடியில் தன் தட்டிலிருந்த கோழியை மைனா கொத்திக்கொண்டு போன கதையைப் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல கதை, நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே போனதும் அவன் முறை வந்தது. 'பழம்' என்ற இடத்தில் 'பளம்' என்றான். "எல்லாரும் கேட்டீங்களா?" என்று ஆசிரியர் நிறுத்தினார். திருப்பிச் சொன்னான், அப்போதும் பளம்தான். மறுபடி ஒருமுறை. மேசைமேல் ஒரு கைப்பேசி, திரை அவனைப் பார்த்தபடி, நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்து காணொளி: உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி வைக்காமல் போகும் இளையர்கள். "நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். பையன் கைப்பேசியையே பார்த்தான். ஒரு வார்த்தை வரவில்லை. "வீட்டில் தமிழ் பேசினால்தானே வரும்" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது.

அவர் கெட்டவர் இல்லை. வகுப்பு முடிந்த பிறகும் இருந்து, அந்தப் பையனுக்கென்று தனியாகப் பயிற்சித்தாள் நகலெடுத்துக் கொடுத்தார். ஆனால் உணவங்காடியைப் பற்றிப் பேச அவனிடம் விஷயம் இருந்தது, மொழியும் ஓரளவு இருந்தது, பத்து நிமிடத்துக்கு முன்னால் இரண்டும் அவன் வாயிலிருந்து வந்தன. உள்ளே அவை எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. பயம் இருந்தால்தான் படிப்பான் என்று நம்மில் பலர் நம்புகிறோம். பயம் நினைவில் நிற்கும் என்பது உண்மை. நிற்பது பயம்தான், அதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை. இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை.

நான் ஆசிரியன் அல்லன். சில காலம் ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவன். இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கி 1873இல் கண்ட சாய முறை இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. எலியின் மூளையைக் குரோமிய உப்புக் கரைசலில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்து, மெல்லிய சீவல்களாக அரிந்து கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். பெரும்பாலான நரம்பணுக்கள் சாயத்தைப் பிடிப்பதே இல்லை. எங்கோ சில மட்டும் முழுக்கக் கறுத்துப்போகும். மஞ்சள் பின்னணியில் ஒற்றை நரம்பணு, அதன் உடல், அதன் கிளைகள், கிளையின் மேல் பொடிப்பொடியாக முட்கள், எல்லாமே தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு முள்ளும் இன்னொரு நரம்பணுவோடு பேசும் இடம். கிளை கிளையாக வரைந்து நீளம் அளக்க வேண்டும், முட்களை எண்ண வேண்டும். எந்தத் தகடு எந்த எலியுடையது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியாது, குறியெண் மட்டும்தான். முடிவில் குறியெண்ணைப் பிரித்துப் பார்க்கும்போதுதான், நாம் எண்ணியது பயந்த எலியையா, சும்மா இருந்த எலியையா என்பது தெரியவரும்.

இந்த முறையை வைத்துத்தான் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு 2002இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. எலிகளை நாளுக்கு இரண்டு மணி நேரம், பத்து நாள், அசைய முடியாதபடி கட்டிவைத்தார்கள். அதற்குப் பிறகு மூளையின் இரண்டு பகுதிகளைப் பார்த்தார்கள். ஒன்று ஹிப்போகாம்பஸ்: எங்கே, எப்போது, யாரோடு, என்ன என்ற விவரங்களை நினைவில் பதிக்கும் பகுதி. பள்ளிப்பாடம் உள்ளே போகும் வாசலும் இதுதான். மற்றொன்று அமிக்டலா: இது ஆபத்து, இதை மறக்காதே என்று முத்திரை குத்தும் பகுதி. ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. மன அழுத்தம் அந்தக் கிளைகளைச் சுருக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் அதே எலியின் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன. ஒரே அழுத்தம், ஒரே தலைக்குள், பாடம் போகிற பக்கம் தேய்கிறது, பயம் போகிற பக்கம் தழைக்கிறது.

அடுத்து வந்தவைதான் என்னை அதிகம் உறுத்தியவை. அதேபோல் பத்து நாள் கட்டிவைத்த வேறு எலிகளை, பிறகு 21 நாள் நிம்மதியாக விட்டுப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வந்தது. ஹிப்போகாம்பஸ் மீண்டுவிட்டது, அமிக்டலா மீளவில்லை. கூட்டல்குறி வடிவில் உயரத்தில் அமைத்த ஒரு மேடையில் எலியை விடுவார்கள். மேடையின் நாலு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு வெட்டவெளி. பயந்த எலி வெட்டவெளிப் பக்கம் போகாமல் சுவரோரம் பதுங்கும். மூன்று வாரம் ஓய்வெடுத்த எலிகளும் அப்படித்தான் பதுங்கின. 2005இல் இன்னொன்று: பத்து நாளெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு தடவை இரண்டு மணி நேரம் கட்டிவைத்தார்கள். மறுநாள் அமிக்டலாவில் ஒரு மாற்றமும் இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் முட்கள் கூடியிருந்தன, பயமும் கூடியிருந்தது. அன்றைக்குத் திட்டு வாங்கிய பிள்ளை மறுநாள் சிரித்துக்கொண்டு வருகிறானே என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா, அங்கேதான் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ரூப்ஷி மித்ரா, அஜய் வியாஸ் இருவரும் அந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள். பின்னர் இருவருமே நம்மூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இதே வழியில் வேலையைத் தொடர்ந்தார்கள். வியாஸின் இன்னொரு ஆய்வு, 2007இல் வந்தது, கதைபோல் இருக்கும். டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிய எலிக்குப் பூனை வாடையின் மேல் இருந்த பயம் போய்விடுகிறது. மற்ற பயங்கள் அப்படியே இருக்கின்றன, கற்கும் திறனும் இருக்கிறது. பயம் என்பது ஒரே மொத்தமாக இருக்கும் சரக்கில்லை, தனித்தனிப் பொருள்களோடு தனித்தனியாக ஒட்டிக்கொள்ளக்கூடியது என்றுதான் அதைப் படித்தபோது எனக்குப் பட்டது. ஒட்டுண்ணியை வைத்துத் தமிழ் வகுப்பை விளக்க வரவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் நம் பிள்ளைகளைப் பாருங்கள். கணக்கு வகுப்பில் வாயாடுகிறவன், அறிவியலில் கையை உயர்த்திக்கொண்டே இருப்பவன், தமிழ் ஆசிரியர் கூப்பிட்டால் மட்டும் தரையைப் பார்க்கிறான். கூச்ச சுபாவம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

சரி, எலி வேறு பிள்ளை வேறு. இரண்டு மணி நேரம் கட்டிவைப்பதும் இரண்டு நிமிடம் கூச்சப்படுத்துவதும் ஒன்றல்ல. அளவு வேறு, விளைவும் அப்படியே வராது. இருந்தாலும் வாயடைத்துப்போகிற விஷயத்தில் மனிதர்களிடமே செய்த சோதனைகள் உண்டு. அழுத்தம் வந்தால் அட்ரினல் சுரப்பி ஒரு ஹார்மோனை விடுகிறது. எலிக்குக் கார்ட்டிகோஸ்டிரோன், நமக்குக் கார்ட்டிசோல். அந்த ஹார்மோன் மூளையில் போய்ச் சேரும் முக்கிய இடம் ஹிப்போகாம்பஸ் என்று மூளை ஆய்வாளர் புரூஸ் மெக்யூவன் 1968இலேயே காட்டியிருந்தார். 1998இல் டொமினிக் டி குவெர்வேயின், பென்னோ ரூஸென்டால், ஜேம்ஸ் மெக்கா என்ற நினைவாற்றல் ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து ஒன்று செய்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே இருக்கிறது என்று நன்றாகக் கற்றுக்கொண்ட எலிகளுக்கு, சோதனைக்கு முன் லேசான மின்னதிர்ச்சி. இரண்டு நிமிடத்துக்கு முன் கொடுத்தால் ஒன்றுமில்லை. நாலு மணி நேரத்துக்கு முன் கொடுத்தாலும் ஒன்றுமில்லை. அரை மணி நேரத்துக்கு முன் கொடுத்தால் மேடை எங்கே என்பது மறந்துவிடுகிறது. அந்த அரை மணி நேரத்தில்தான் ஹார்மோன் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து மனிதர்களுக்குக் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்துச் செய்தபோதும், முதல் நாள் படித்த சொற்களை நினைவுகூர்வது குறைந்தது. கற்றது அழியவில்லை. எடுக்கிற கதவு அந்த நேரத்துக்கு மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

மைனா கதை சொன்னவனுக்கு நடந்ததும் இதுதானா? ஒரு பையனை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படி அடித்துச் சொல்ல முடியாது. "படித்தது எல்லாம் மறந்துபோச்சு" என்று தேர்வறையிலிருந்து வரும் பிள்ளையிடம் "ஒழுங்கா படிச்சிருந்தா எப்படி மறக்கும்?" என்று கேட்பது நியாயமில்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்லலாம். ஒழுங்காகப் படித்ததும் மறக்கும். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) ஆய்வில், 2015ஆம் ஆண்டு, சிங்கப்பூர் மாணவர்களில் 76 விழுக்காட்டினர், நன்றாகத் தயார்செய்திருந்தாலும் தேர்வென்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்றார்கள். பங்கெடுத்த பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு (OECD) நாடுகளின் சராசரி 55. அவர்கள் 15 வயதுப் பிள்ளைகள். பன்னிரண்டு வயதில் பழகிய பதற்றம் அதற்குள் வந்திருக்காது என்று யார் சொல்வது?

அடுத்து நீங்கள் சொல்லப்போவது தெரியும். அடியாத மாடு படியாது, நாங்களும் ரோத்தானில் அடிவாங்கித்தான் படித்தோம், இன்றைக்கு நல்லாத்தான் இருக்கிறோம். உணர்ச்சி கூடினால் நினைவு ஆழமாகப் பதியும் என்பதை மறுக்கவில்லை. மேலே சொன்ன ஜேம்ஸ் மெக்கா தன் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவழித்து நிறுவியதே அதைத்தான். கொஞ்சம் பரபரப்பு நல்லது, மேடை ஏறுமுன் இதயம் படபடப்பது நல்லது. ஆனால் ஆழமாகப் பதிவது எது? அடிவாங்கிய கதை சொல்லும் பெரியவர்களைக் கேட்டிருக்கிறேன். எந்த வாத்தியார், பிரம்பு எந்த அலமாரி மேல் இருந்தது, எந்தக் கையில் விழுந்தது, பக்கத்தில் யார் சிரித்தார்கள், எல்லாம் சொல்வார்கள். அன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டால் யோசிப்பார்கள். அப்புறம், நல்லா வந்தவர்கள்தான் கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்கள். தமிழே வேண்டாம் என்று போனவர்கள் தமிழ்க் கூட்டத்துக்கு வருவதில்லை, அதனால் அவர்கள் சாட்சி நம் காதில் விழுவதில்லை.

உங்கள் மேலும் அழுத்தம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவழித்தது 1.8 பில்லியன் வெள்ளி. ஐந்தாண்டுக்கு முன் 1.4 பில்லியன். காசு கொடுத்த பெற்றோர் கண்டிப்பான வகுப்பைத்தான் தேடுகிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் "அங்கே விளையாட்டுதான் நடக்குது" என்று பிள்ளையை வேறிடத்தில் போட்டுவிடுவார்கள். கல்வி அமைச்சு தன் பக்கத்தில் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வை நீக்கியது, அரையாண்டுத் தேர்வை நீக்கியது, 2021இலிருந்து தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பழைய மதிப்பெண் முறையை விட்டு, மதிப்பெண்களை நிலைகளாகத் தொகுக்கும் அடைவுநிலைக்கு வந்தது. நீக்கிய தேர்வுகளை நாம் சனிக்கிழமை காலையில் திரும்ப வைத்துக்கொண்டோம். இதில் தனியாக உங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். தட்டைத் திருப்பி வைக்காத காணொளிக்கும், பூங்காவில் குப்பை போடும் காணொளிக்கும், முதியவருக்கு இருக்கை கொடுக்கும் காணொளிக்கும் ஒரே விடை: "ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு என்பதற்கேற்ப..." தேர்வாளர்கள் பாவம். தாளை மூடிவைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து, தன் சொந்த வார்த்தையில் பிள்ளை சொல்லிப் பார்க்கட்டும். தடுமாறட்டும், மறுவாரம் மறுபடி சொல்லட்டும். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களின் நினைவு அழுத்தத்தில் ஆட்டம் கண்டது. மூடிவைத்து நினைவுகூர்ந்து பழகியவர்களுடையது அவ்வளவாக அசையவில்லை. அரை மணி நேரக் கதவு மூடும்போதுகூட இவர்களுக்கு வேறு வழி இருந்திருக்கலாம். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

ழகரத்தைத் திருத்துங்கள், திருத்தத்தான் வேண்டும். ஆனால் வாசித்து முடித்த பிறகு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி திருத்துங்கள். நாக்கு எங்கே மடங்க வேண்டும் என்று உங்கள் வாயைத் திறந்து காட்டினால் போதும். கூட்டத்தின் முன் மூன்று முறை சொல்லவைப்பதால் நாக்கு மடங்குவதில்லை. நேரம் பார்க்கும் கைப்பேசி உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். உண்மையான தேர்விலும் நேரம் பார்ப்பது தேர்வாளர் வேலைதான்.

ஏற்கெனவே பயந்துபோன பிள்ளைகளுக்கு என்ன செய்வது? இங்கேதான் பாவ்லோவ் காலத்திலிருந்து தெரிந்த ஒரு விஷயம் உதவுகிறது. மணியடித்தால் அதிர்ச்சி வரும் என்று கற்ற விலங்குக்கு, பலமுறை அதிர்ச்சியில்லாமல் மணியடித்தால் பயம் அடங்கும். பழைய நினைவு அழிவதால் அடங்குவதில்லை. இங்கே ஆபத்தில்லை என்ற புதிய நினைவு அதன்மேல் வந்து உட்காருகிறது. மார்க் பௌட்டன் என்பவர் பல்லாண்டு ஆராய்ந்து காட்டியதுபோல், அந்தப் புதிய நினைவு அது கற்ற இடத்தோடு கட்டுண்டது. கூண்டை மாற்றினால் பழைய பயம் திரும்பிவிடும். உங்கள் அறையில், உங்கள் முன்னால், அழகாகப் பேசுகிற பிள்ளை ஆகஸ்டில் பள்ளியில் முன்பின் தெரியாத தேர்வாளர் முன் போய் உறைந்து நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் இடத்தை மாற்றுங்கள். ஒருநாள் சமூக மன்றத்து வேறு அறை, ஒருநாள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசை, ஒருநாள் நூலகத்து மூலை. ஆளையும் மாற்றுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர், யாராவது ஒரு பெரியப்பா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா ஒருத்தி. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் கெட்டது நடக்காமல் முடிய வேண்டும், அதுதான் முக்கியம்.

மித்ராவின் குழு நன்யாங்கில் காட்டிய ஒன்றையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன். பெரிய கூண்டு, துணைக்கு மற்ற எலிகள், ஏறி இறங்க விளையாட்டுப் பொருள்கள் என்று கொஞ்ச காலம் வளமாக வாழ்ந்தாலே, அழுத்தம் அமிக்டலாவில் செய்யும் மாற்றத்தையும் பதற்றத்தையும் தடுக்க முடிந்தது. மைனா கதைக்கு வகுப்புக்குள்ளும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று இதை நான் படிக்கிறேன். அது விளையாட்டு நேரமாகத்தான் தெரியும். பெற்றோர் கேட்டால் இந்த மடலைக் காட்டலாம்.

கடைசியாக, தேர்வன்று காலை. பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: காரிலும் எம்ஆர்டியிலும் கேள்வி கேட்க வேண்டாம், "நல்லா பண்ணலேன்னா பாரு" வேண்டாம், பள்ளி வாசலில் கடைசி நிமிட ழகரப் பயிற்சி வேண்டாம். டி குவெர்வேயினின் அரை மணி நேரம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தெரியாத தேர்வாளர் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நானே வருகிறேன். உட்லண்ட்ஸிலிருந்து பிடோக் வரை எங்கே கூப்பிட்டாலும், ஜூலை மாதத்துச் சனி, ஞாயிறுகளில், சட்டைப்பையில் பேனாவும் முகத்தில் கொஞ்சம் கண்டிப்பும் வைத்துக்கொண்டு, அந்நியத் தேர்வாளராக உட்காரத் தயார். பிள்ளைகள் பெயரை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முடிந்ததும் நான் தேர்வாளர் இல்லை என்று அவர்களிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வுக்கூட உதவியாளன், இரண்டு பிள்ளைகளுக்குச் சித்தப்பா
சிங்கப்பூர்